மெதுவாக ஓடும் டேட்டா மாடலை வேகப்படுத்துவது எப்படி: கிளவுட் வேர்ஹவுஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

"அந்த விற்பனை மாடல் ரொம்ப நேரம் ஓடுது, கொஞ்சம் பாருங்க." வேலையில் சேர்ந்த சில வாரங்களிலேயே இது உங்கள் தலையில் வந்து விழும். மாடல் என்பது மூல டேட்டாவிலிருந்து ஒரு டேபிளைக் கட்டும் எஸ்க்யூஎல் குவெரி; குவெரி என்பது டேட்டாவிடம் கேட்கும் கேள்வி. பெரிய வேர்ஹவுஸுக்கு, அதாவது குவெரியை ஓட்டும் பெரிய கணினித் தொகுப்புக்கு, மாற்றிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். அதைக் கடைசிக்கு வையுங்கள். கிளவுட் வேர்ஹவுஸ்களான (இணையவழி டேட்டா கிடங்குகளான) ஸ்னோஃப்ளேக், பிக்குவெரி, ரெட்ஷிஃப்ட் மூன்றுமே டேட்டாவை நெடுவரிசை வாரியாகச் சேமிப்பவை. ஒரு குவெரி எவ்வளவு டேட்டாவைப் படிக்கிறது, படித்ததில் எவ்வளவை ஒரு நோடிலிருந்து (தொகுப்பிலுள்ள ஒரு கணினியிலிருந்து) இன்னொரு நோடுக்கு நகர்த்துகிறது என்பதைப் பொறுத்துத்தான் பெரும்பாலும் நேரமும் பணமும் செலவாகும். இந்த இரண்டையும் குறைப்பதற்கான படிகளைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே கொடுத்திருக்கிறோம்.

1. அனுமதிகளை முதல் நாளே கேளுங்கள்

பல இடங்களில் வேலையை விட அனுமதி வாங்கவே அதிக நாள் பிடிக்கும். அதனால் மாடலைத் திறக்கும் முன்பே கோரிக்கையை அனுப்பிவிடுங்கள்.

ஸ்னோஃப்ளேக் என்றால் அக்கவுண்ட் யூசேஜ் ஸ்கீமாவைப் (பயன்பாட்டு வரலாறு உள்ள டேபிள்களின் தொகுப்பை) படிக்கும் உரிமையும், மற்றவர்கள் ஓட்டிய குவெரிகளின் புரொஃபைலை (என்ஜின் அவற்றை எப்படி ஓட்டியது என்று காட்டும் பிளானை) பார்க்க அந்த வேர்ஹவுஸின் மேல் மானிட்டர் உரிமையும் வேண்டும். பிக்குவெரியில் புராஜெக்ட் முழுவதற்குமான ஜாப் விவரங்களைப் பார்க்க ரிசோர்ஸ் வியூவர் ரோல் வேண்டும். ரெட்ஷிஃப்டில் சாதாரண யூசருக்குப் பல சிஸ்டம் டேபிள்கள் அவருடைய குவெரிகளை மட்டுமே காட்டும். எல்லாவற்றையும் பார்க்க சிஸ்லாக் ஆக்சஸை அன்ரெஸ்ட்ரிக்டட் ஆக்கித் தரச் சொல்லுங்கள். இவற்றோடு, சோதனைக்கென்று தனி ஸ்கீமா ஒன்றும், அதில் டேபிள் உருவாக்கும் உரிமையும் கேளுங்கள். புரொடக்‌ஷன் டேபிளில் நேரடியாகச் சோதிக்க வேண்டாம்.

2. கேஷை அணைத்துவிட்டு அளவெடுங்கள்

முதலில் எந்த மாடலைத் தொடுவது என்று முடிவு செய்ய வேண்டும். ஒரே தடவையில் 40 நிமிடம் ஓடும் மாடல்தான் எல்லோர் கண்ணிலும் படும். ஆனால் 20 விநாடி ஓடும் டாஷ்போர்டு குவெரி ஒரு நாளைக்கு 500 தடவை ஓடினால், அது 2 மணி நேரம் 46 நிமிடக் கணக்கு. எனவே ஒரு தடவைக்கு ஆகும் நேரத்தை ஓடும் எண்ணிக்கையால் பெருக்கி வரிசைப்படுத்துங்கள். குறைந்தது ஒரு மாத வரலாற்றை எடுங்கள். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் கனமான குவெரிகள் ஒரு வாரக் கணக்கில் சிக்காது. ஸ்னோஃப்ளேக்கின் அக்கவுண்ட் யூசேஜில் 365 நாள் வரலாறு இருக்கும். ஆனால் இப்போது ஓட்டிய குவெரி அதில் தெரிய 45 நிமிடம் வரை ஆகலாம்.

புதிதாக வருபவர்கள் ஏமாறும் முதல் இடம் கேஷ், அதாவது முன்பு கிடைத்ததை எடுத்துவைத்து மறுபடி தரும் வசதி. ஸ்னோஃப்ளேக்கும் பிக்குவெரியும் ஒரு குவெரியின் விடையை 24 மணி நேரம் வைத்திருக்கும். அதே குவெரியை மறுபடி ஓட்டினால் சட்டென்று விடை வந்துவிடும், உங்கள் மாற்றம்தான் வேலை செய்தது என்று நினைத்துவிடுவீர்கள். அதனால் ஸ்னோஃப்ளேக்கில் செஷன் அளவில் 'யூஸ் கேஷ்டு ரிசல்ட்' அமைப்பை ஃபால்ஸ் ஆக்குங்கள். பிக்குவெரியில் குவெரி செட்டிங்ஸில் கேஷ் டிக்கை எடுத்துவிடுங்கள். ஸ்னோஃப்ளேக்கில் இன்னொரு கேஷும் உண்டு: ஓடிக்கொண்டிருக்கும் வேர்ஹவுஸ் தான் படித்த டேட்டாவை உள்ளூர் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளும், சஸ்பெண்ட் ஆனால் அதை இழக்கும். பழைய வடிவத்தைச் சூடான வேர்ஹவுஸிலும் புதிய வடிவத்தைக் குளிர்ந்த வேர்ஹவுஸிலும் ஓட்டி ஒப்பிட்டால் கணக்கு தலைகீழாகும். இரண்டு வடிவங்களையுமே, வேர்ஹவுஸை சஸ்பெண்ட் செய்து எழுப்பியபின் ஓட்டுங்கள்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு ஷீட்டில் இவற்றைக் குறியுங்கள்: ஓடிய நேரம், வரிசையில் காத்திருந்த நேரம், படித்த பைட்டுகள், படித்த பார்ட்டிஷன்களும் (டேபிளைப் பிரித்து வைத்த துண்டுகள்) மொத்தப் பார்ட்டிஷன்களும், மெமரி போதாமல் டிஸ்க்கில் வழிந்த பைட்டுகள், வெளிவந்த வரிகள். காத்திருந்த நேரத்தைத் தனியாகக் குறிப்பது முக்கியம். குவெரி 10 நிமிடம் எடுத்ததில் 8 நிமிடம் வரிசையில் நின்றதென்றால், மாடலை எவ்வளவு செதுக்கினாலும் பயனில்லை. அது ஒரே நேரத்தில் எத்தனை ஜாப் ஓடுகிறது என்பதிலுள்ள சிக்கல்.

3. பிளானை மூன்று கேள்விகளோடு படியுங்கள்

குவெரி புரொஃபைலைத் திறந்தால் பெட்டிகளும் அம்புகளுமாக மிரட்டும். மூன்றே விஷயங்களைத் தேடுங்கள்.

முதலாவது, டேபிளைப் படிக்கும் இடத்தில் மொத்தப் பார்ட்டிஷனில் எத்தனை படிக்கப்படுகின்றன? ஒரு நாள் டேட்டாவைக் கேட்டிருக்கிறீர்கள், 12,000-இல் 12,000-உம் படிக்கப்படுகிறது என்றால் 5, 6 ஆம் படிகள் உங்களுக்கானவை. இரண்டாவது, எந்த ஜாயினிலாவது (இரு டேபிள்களைப் பொருத்திச் சேர்க்கும் இடம்) உள்ளே போன வரிகளைவிட வெளியே வரும் வரிகள் பல மடங்கா? அப்படியென்றால் 4 ஆம் படி. மூன்றாவது, டிஸ்க்கில் வழிதல் இருக்கிறதா? மெமரி போதாமல் உள்ளூர் டிஸ்க்கில் எழுதினால் வேகம் குறையும், ரிமோட் ஸ்டோரேஜில் எழுதினால் படுத்தேவிடும். ரிமோட்டில் ஜிபி கணக்கில் எண் தெரிந்தால் அதுதான் உங்கள் முதல் எதிரி.

4. ஜாயினில் வரிகள் பெருகுவதை நிறுத்துங்கள்

மெதுவான மாடல்களில் அடிக்கடி அகப்படும் காரணம் இது. கூடவே தப்பான எண்களையும் தருவதால் முதலில் சரிசெய்ய வேண்டியதும் இதுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. ஆர்டர் 1001-இல் 3 பொருட்கள், அதற்கு 2 தவணையில் பணம் கட்டப்பட்டிருக்கிறது. ஆர்டர் டேபிளைப் பொருட்கள் டேபிளோடும் பேமெண்ட் டேபிளோடும் ஆர்டர் எண்ணை வைத்து ஒரே மூச்சில் ஜாயின் செய்தால் 3 பெருக்கல் 2, அதாவது 6 வரிகள் வரும். பேமெண்ட் கூட்டுத்தொகை மூன்று மடங்காகும், பொருட்களின் கூட்டுத்தொகை இரண்டு மடங்காகும். இதைப் பார்த்த யாரோ ஒருவர் மேலே, ஒரே மாதிரி வரிகளில் ஒன்றை மட்டும் வைக்கும் 'டிஸ்டிங்க்ட்' ஒன்றைப் போட்டிருப்பார். எண் சரியானது போலத் தெரியும். ஒரே தொகையில் இரண்டு தவணை கட்டிய ஆர்டரில் ஒரு தவணை காணாமல் போயிருக்கும். அந்த டிஸ்டிங்க்டுக்காக என்ஜின் மொத்த வரிகளையும் கலைத்து ஒப்பிடுவதால் நேரமும் போகும்.

பொருட்களைத் தனியாக ஆர்டர் வாரியாகத் தொகுங்கள், பேமெண்ட்டைத் தனியாக ஆர்டர் வாரியாகத் தொகுங்கள், அதன்பின் இரண்டையும் ஆர்டரோடு சேருங்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரே வரி வரும். மாடல் ஃபைலின் தலையில் "இந்த டேபிளில் ஒரு வரி என்பது ஒரு ஆர்டர்" என்று கமென்ட்டாக எழுதிவையுங்கள். அந்த ஒரு வாக்கியத்தை எழுத முடியவில்லை என்றால் மாடல் இன்னும் தெளிவாகவில்லை. வரியை அடையாளம் காட்டும் சாவிக்கு, இங்கே ஆர்டர் எண்ணுக்கு, அது இரண்டு முறை வரவில்லை என்று சரிபார்க்கும் ஒரு யுனீக் டெஸ்ட்டும் போடுங்கள். ஸ்னோஃப்ளேக், பிக்குவெரி, ரெட்ஷிஃப்ட் மூன்றிலுமே வழக்கமான டேபிளில் பிரைமரி கீ என்று அறிவிப்பதால் மட்டும் இரட்டை வரிகள் தடுக்கப்படுவதில்லை.

இன்னொரு பொறி, காலி மதிப்புகள். நல் மதிப்பு, அதாவது மதிப்பே இல்லாத இடம், இன்னொரு நல்லோடு ஜாயின் ஆகாது. ஆனால் நல்லுக்குப் பதிலாக யாராவது காலி ஸ்ட்ரிங்கையோ மைனஸ் 1-ஐயோ நிரப்பியிருந்தால் அவை ஒன்றோடொன்று பொருந்தும். இடப்பக்கம் 50,000 வரி, வலப்பக்கம் 2,000 வரி அப்படி இருந்தால் அங்கேயே 10 கோடி வரிகள் பிறக்கும். ஜாயின் வெடிக்கிறதென்றால் சாவி வாரியாக எண்ணி, அதிகம் வரும் முதல் 10 மதிப்புகளைப் பாருங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

ஜாயின் சாவியின் டைப்பும் இருபுறமும் ஒன்றாக இருக்கட்டும். ஒரு பக்கம் எண், மறுபக்கம் ஸ்ட்ரிங் என்றால் ஒவ்வொரு ஓட்டத்திலும் மாற்றம் நடக்கும். அதை ஸ்டேஜிங்கிலேயே (மூல டேட்டாவைச் சீர்செய்யும் முதல் அடுக்கில்) ஒருமுறை செய்து முடியுங்கள்.

5. ஃபில்டர் உண்மையிலேயே படிப்பதைக் குறைக்கிறதா?

ஸ்னோஃப்ளேக் ஒரு டேபிளை மைக்ரோ பார்ட்டிஷன்களாகப் பிரித்து வைக்கிறது. சுருக்கும் முன் ஒவ்வொன்றும் 50 முதல் 500 எம்பி வரை இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் குறைந்தபட்ச, அதிகபட்ச மதிப்பைக் குறித்து வைத்துக்கொள்ளும். உங்கள் ஃபில்டர் அந்த எல்லைக்கு வெளியே இருந்தால் அந்தப் பார்ட்டிஷனைத் திறக்கவே திறக்காது. ரெட்ஷிஃப்டில் இதே வேலையை 1 எம்பி பிளாக் அளவில் ஸோன் மேப் செய்கிறது.

ஃபில்டரை எழுதும் விதம் இதைக் கெடுத்துவிடலாம். நெடுவரிசையைத் தேதியிலிருந்து ஸ்ட்ரிங்காக மாற்றி ஒப்பிடுவது, டைம் ஸோன் மாற்றிவிட்டு ஒப்பிடுவது, கேஸ் ஸ்டேட்மென்ட்டின் விளைவை ஃபில்டர் செய்வது ஆகிய மூன்றும் வழக்கமான குற்றவாளிகள். சில எளிய மாற்றங்களை என்ஜினே புரிந்துகொள்ளும், ஆனாலும் அதை நம்பி எழுத வேண்டாம். நெடுவரிசையை அப்படியே விட்டுவிட்டு, ஒப்பிடும் மதிப்பின் பக்கம் கணக்கை வையுங்கள்: "தொடக்க நேரத்துக்குச் சமம் அல்லது மேல், முடிவு நேரத்துக்குக் கீழ்." மாற்றியபின் புரொஃபைலில் பார்ட்டிஷன் எண்ணிக்கை குறைந்ததா என்று பாருங்கள்.

பிக்குவெரியில் இதைவிடக் கடுமையான பொறி ஒன்று உண்டு. பார்ட்டிஷன் நெடுவரிசையை ஒரு சப்குவெரியின் விடையோடு ஒப்பிட்டால் பார்ட்டிஷன்கள் கழிக்கப்படாது, மொத்த டேபிளும் படிக்கப்படும். "கடைசியாக ஏற்றிய தேதிக்குப் பிறகு" என்று எழுதும் எல்லோரும் இதில் விழுவார்கள். அந்தத் தேதியை முதலில் ஒரு மாறியில் எடுத்து, பிறகு அந்த மாறியை ஃபில்டரில் வையுங்கள். அதேபோல, கிளஸ்டரிங் (சில நெடுவரிசைகளின் மதிப்பு வரிசையில் டேட்டாவை அடுக்குவது) இல்லாத டேபிளில் 'லிமிட் 10' போடுவதால் படிக்கும் பைட்டுகள் ஒன்றும் குறையாது. 10 வரி பார்க்க முழு டேபிளுக்கும் பில் வரும். வெறுமனே பார்ப்பதற்குக் கன்சோலில் உள்ள பிரிவ்யூ டேபே போதும், அதற்குச் செலவில்லை.

எல்லா நெடுவரிசைகளையும் கேட்கும் 'செலக்ட் ஸ்டார்' பற்றி நீட்ட வேண்டியதில்லை. வேண்டிய நெடுவரிசைகளை மட்டும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

6. பார்ட்டிஷனும் கிளஸ்டரிங்கும்

ஃபில்டர் சரியாக இருந்தும் எல்லாம் படிக்கப்படுகிறதென்றால், டேட்டா அடுக்கப்பட்ட விதம் சரியில்லை. எந்த நெடுவரிசையில் அடுக்குவது என்பதை ஊகிக்க வேண்டாம். 2 ஆம் படியில் எடுத்த குவெரி வரலாற்றில் ஃபில்டரில் அதிகம் வரும் நெடுவரிசைகளை எண்ணுங்கள்.

பிக்குவெரியில் பெரும்பாலும் தேதியில் பார்ட்டிஷன், அதன்மேல் 4 நெடுவரிசைகள் வரை கிளஸ்டரிங். கிளஸ்டரிங்கில் வரிசைக்கு மதிப்பு உண்டு. முதல் நெடுவரிசையை விட்டுவிட்டு இரண்டாவதில் மட்டும் ஃபில்டர் செய்தால் பலன் மிகக் குறைவு. ஒரு டேபிளுக்கு 10,000 பார்ட்டிஷன்தான் உச்சவரம்பு. மணி வாரியாகப் பிரித்தால் 417 நாளிலேயே தீர்ந்துவிடும். ஒரு பார்ட்டிஷனுக்குச் சுமார் 10 ஜிபிக்கும் குறைவாக வந்தால் மாத வாரியாகப் பிரியுங்கள், அல்லது பார்ட்டிஷனே இல்லாமல் கிளஸ்டரிங் மட்டும் போதும். இருக்கும் டேபிளைப் பார்ட்டிஷன் டேபிளாக மாற்ற முடியாது, புதிதாக உருவாக்கித்தான் நிரப்ப வேண்டும். அந்த நிரப்புதலுக்குப் பழைய டேபிளை ஒருமுறை முழுதாகப் படித்த செலவு ஆகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உருவாக்கும்போதே 'ரிக்வயர் பார்ட்டிஷன் ஃபில்டர்' போட்டுவிட்டால், தேதி குறிப்பிடாத குவெரி ஓடாது.

ஸ்னோஃப்ளேக்கில் கிளஸ்டரிங் கீ போட அவசரப்படாதீர்கள். அது டிபி (டெராபைட்) கணக்கில் வளர்ந்த டேபிளுக்கானது. பின்னணியில் ஓடும் ஆட்டோமேட்டிக் கிளஸ்டரிங் தனியாகக் கிரெடிட் (ஸ்னோஃப்ளேக்கின் கட்டண அலகு) தின்னும், அடிக்கடி அப்டேட் ஆகும் டேபிளில் இந்தச் செலவு நிற்காது. அந்த அளவை எட்டாத டேபிள்களுக்கு, ஏற்றும்போதே தேதியில் ஆர்டர் பை போட்டு எழுதுவது பெரும்பாலும் போதும். கீ போட்டே ஆக வேண்டுமென்றால் 3 அல்லது 4 நெடுவரிசைக்கு மேல் வேண்டாம். வேறுபட்ட மதிப்புகள் குறைவாக உள்ளதை முதலில் வையுங்கள். டைம்ஸ்டாம்பை அப்படியே கீ ஆக்காமல் தேதியாகச் சுருக்கிப் போடுங்கள். ஸ்ட்ரிங் நெடுவரிசையில் தொடக்கத்தின் சில பைட்டுகள் மட்டுமே கணக்கில் வரும். எல்லா மதிப்பும் ஒரே முன்னொட்டோடு தொடங்கினால் அந்தக் கீயால் பயனில்லை.

டேபிளின் குளோன் (நகல்) எடுத்துச் சோதிப்பவர்கள் கவனிக்க: குளோனில் ஆட்டோமேட்டிக் கிளஸ்டரிங் நிறுத்தப்பட்ட நிலையில்தான் இருக்கும். நீங்களே ரெஸ்யூம் செய்யாவிட்டால் மாற்றமே தெரியாது.

7. ரெட்ஷிஃப்ட் என்றால் கூடுதலாக

வரிகளை நோடுகளுக்குத் தானாகப் பங்கிடும் ஆட்டோ டிஸ்ட்ரிபியூஷன் இருந்தாலும், பிளானைக் காட்டும் எக்ஸ்பிளெயினைப் பாருங்கள். 'டிஎஸ் டிஸ்ட் நன்' என்றால் டேட்டா நகரவில்லை, நல்லது. 'டிஎஸ் பிகாஸ்ட் இன்னர்' என்றால் உள் டேபிள் முழுதும் எல்லா நோடுக்கும் அனுப்பப்படுகிறது. சின்ன டேபிளுக்குப் பரவாயில்லை, பெரிய டேபிளுக்கு ஆகாது. பெரிய ஃபேக்ட் டேபிளையும் (விற்பனை போன்ற நிகழ்வுகள்) அதோடு அதிகம் ஜாயின் ஆகும் பெரிய டைமென்ஷனையும் (வாடிக்கையாளர் போன்ற விவரங்கள்) ஒரே சாவியில் டிஸ்ட்ரிபியூட் செய்யுங்கள், சின்ன டைமென்ஷன்களுக்கு ஆல் (எல்லா நோடிலும் முழு நகல்) வையுங்கள். தேர்ந்தெடுத்த சாவியில் ஒரே மதிப்பு குவிந்திருந்தால் ஒரு ஸ்லைஸ் (நோடின் ஒரு பகுதி) மட்டும் மூச்சு வாங்கும், மற்றவை சும்மா இருக்கும். எஸ்விவி டேபிள் இன்ஃபோவில் ஸ்கியூ ரோஸ் (பங்கீட்டுச் சமமின்மை), அன்சார்ட்டட் (வரிசைப்படாத அளவு), ஸ்டாட்ஸ் ஆஃப் (புள்ளிவிவரம் பழையதான அளவு) மூன்றையும் பாருங்கள். பின்னிரண்டும் உயர்ந்திருந்தால் வரிசைப்படுத்தும் வாக்யூமும் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் அனலைஸும் தேவை.

8. தினமும் முழுதாகக் கட்டாதீர்கள்

டிபிடி போன்ற மாடல் கட்டும் கருவியில் ஒரு பெரிய மாடல் தினமும் மூன்று வருட டேட்டாவை முதலிலிருந்து கட்டிக்கொண்டிருந்தால், அதை இன்கிரிமென்டல் (புதிதாக வந்ததை மட்டும் சேர்ப்பது) ஆக்குவதில்தான் பெரிய மிச்சம் இருக்கும். கவனமாகச் செய்யாவிட்டால் டேட்டா அமைதியாகப் பிழைபடுவதும் இங்கேதான்.

தாமதமாக வரும் வரிகளை முதலில் யோசியுங்கள். நேற்று நடந்த நிகழ்வு இன்று மாலை வந்து சேரலாம். "கடைசித் தேதிக்குப் பிறகு" என்று மட்டும் ஃபில்டர் வைத்தால் அது விடுபட்டுப் போகும். சோர்ஸில் நிகழ்ந்த நேரத்துக்கும் ஏறிய நேரத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து, கிட்டத்தட்ட எல்லா வரிகளும் அடங்கும் அளவுக்குப் பின்னோக்கி எடுங்கள். 3 நாளில் எல்லாம் வந்துவிடுகிறது என்றால் 3 நாள் போதும். அதற்கும் மேல் தாமதமாவதைப் பிடிக்க வாரம் ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ முழுதாகக் கட்டுங்கள்.

அடுத்தது மெர்ஜ், அதாவது சாவி பொருந்தினால் வரியைத் திருத்தி, பொருந்தாவிட்டால் புதிதாகச் செருகுவது. சாவி ஹாஷாகவோ யூயூஐடியாகவோ (தாறுமாறான எழுத்துக் கோவை) இருந்தால் அதன் மதிப்புகள் டேபிள் முழுதும் சிதறிக் கிடக்கும். ஸ்னோஃப்ளேக்கின் மைக்ரோ பார்ட்டிஷன்களைத் திருத்த முடியாது, மாற்றி எழுதத்தான் முடியும். 1,000 வரியை அப்டேட் செய்யப்போய் டேபிளின் பெரும்பகுதியை மாற்றி எழுதும் நிலை இப்படித்தான் வருகிறது. மெர்ஜ் நிபந்தனையில் சாவியோடு இலக்கு டேபிளின் தேதி எல்லையையும் சேருங்கள். டிபிடியில் இதற்கு 'இன்கிரிமென்டல் பிரெடிகேட்ஸ்' அமைப்பு இருக்கிறது. எச்சரிக்கை: வரியின் தேதியே பின்னால் மாறக்கூடியது என்றால் இந்த எல்லை இரட்டை வரிகளை உண்டாக்கும். மாறாத தேதியை, அதாவது முதலில் உருவான தேதியை, பயன்படுத்துங்கள். யுனீக் கீயில் நல் மதிப்பு இருந்தாலும் இரட்டை வரிதான், ஏனென்றால் நல் எதோடும் பொருந்தாமல் ஒவ்வொரு முறையும் புதிதாகச் செருகப்படும்.

சேமிப்புச் செலவையும் பாருங்கள். ஸ்னோஃப்ளேக்கின் வழக்கமான நிரந்தர டேபிளைத் தினமும் முழுதாக மாற்றி எழுதினால், பழைய பதிப்புகள் டைம் டிராவல் (பழைய நிலையைத் திரும்பப் பார்க்கும் வசதி) காலத்துக்கும் அதற்குப் பின் 7 நாள் ஃபெயில் சேஃபுக்கும் (அவசர மீட்புக் காலம்) பில்லில் நிற்கும். மீண்டும் கட்டிக்கொள்ளக் கூடிய டேபிள்களை டிரான்சியன்ட் (ஃபெயில் சேஃப் இல்லாத வகை) ஆக வையுங்கள். பிக்குவெரியில் 90 நாள் தொடப்படாத பார்ட்டிஷனுக்குச் சேமிப்புக் கட்டணம் சுமார் பாதியாகும், முழுதாக மாற்றி எழுதினால் அந்தச் சலுகை தினமும் அழியும்.

9. வியூவின் மேல் வியூ

வியூ என்பது டேட்டாவைச் சேமிக்காமல் குவெரியை மட்டும் வைத்திருப்பது. ஐந்தாறு அடுக்கு வியூக்கள் இருந்தால் மேலே ஒரு குவெரி ஓடும்போதெல்லாம் அடியிலிருந்து எல்லாம் கணக்கிடப்படும். அதிகம் பேர் தொடும், கனமான ஜாயின் உள்ள நடு அடுக்கு ஒன்றை மட்டும் டேபிள் ஆக்குங்கள். எல்லாவற்றையும் ஆக்கினால் இரவு ஜாப் நீளும். ஸ்னோஃப்ளேக்கின் மெட்டீரியலைஸ்டு வியூ (விடையைச் சேமித்து வைக்கும் வியூ) ஒரே டேபிளின் மேல்தான் அமையும், ஜாயின் வேண்டுமென்றால் அது உதவாது.

10. இப்போது வேர்ஹவுஸ் அளவைப் பாருங்கள்

ஸ்னோஃப்ளேக்கில் எக்ஸ் ஸ்மால் மணிக்கு 1 கிரெடிட், ஸ்மால் 2, மீடியம் 4, லார்ஜ் 8. ஒவ்வொரு அளவுக்கும் செலவு இரட்டிப்பு. அளவைக் கூட்டியதும் நேரம் சரிபாதியானால் செலவு அதேதான், விடை சீக்கிரம் கிடைக்கும். பாதிக்கும் கீழே போனால் லாபம். ரிமோட்டில் வழிந்துகொண்டிருந்த குவெரியில் இது நடக்கும். கொஞ்சம்தான் குறைந்தது என்றால் பழைய அளவுக்கே திரும்புங்கள். ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் குறைந்தது 60 விநாடிக்குக் கட்டணம் உண்டு. 5 விநாடிக் குவெரியை 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டும் ஜாப் எதிர்பாராத பில்லைத் தரும். இரவு ஜாப்களுக்கும் டாஷ்போர்டுகளுக்கும் வேர்ஹவுஸைப் பிரியுங்கள். முன்னதில் ஆட்டோ சஸ்பெண்டை 60 விநாடியாகவும், பின்னதில் டிஸ்க் கேஷ் நிலைக்கும்படி சில நிமிடங்களாகவும் வையுங்கள்.

பிக்குவெரியின் ஆன் டிமாண்ட் முறையில் படிக்கும் பைட்டுகளுக்கே பணம், ஒரு குவெரி தொடும் ஒவ்வொரு டேபிளுக்கும் குறைந்தது 10 எம்பி கணக்கு. 'மேக்ஸிமம் பைட்ஸ் பில்டு' வரம்பை எல்லாத் திட்டமிட்ட ஜாப்களிலும் போடுங்கள். கிளஸ்டரிங் உள்ள டேபிளில் டிரை ரன் (ஓட்டாமலே மதிப்பிடுவது) காட்டுவது உச்ச மதிப்பீடு, உண்மையில் படிப்பது குறைவாக இருக்கலாம்.

11. ஒப்பிட்டுப் பார்த்து மாற்றுங்கள்

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். புதிய மாடலைச் சோதனை ஸ்கீமாவில் கட்டி, பழையதோடு ஒப்பிடுங்கள்: மொத்த வரிகள், நாள் வாரியான வரிகள், முக்கியத் தொகைகளின் கூட்டல், சாவிகளின் தனித்த எண்ணிக்கை. பின்பு பழையதிலிருந்து புதியதையும் புதியதிலிருந்து பழையதையும் 'எக்செப்ட்' போட்டுக் கழியுங்கள். ஒரு திசையில் மட்டும் பார்த்தால் கூடுதல் வரிகள் தெரியாது. ஃப்ளோட் டைப் தொகைகள், கூட்டும் வரிசை மாறினாலே கடைசி இலக்கங்களில் வேறுபடும். வட்டமாக்கி ஒப்பிடுங்கள், அல்லது டெசிமலுக்கு மாற்றுங்கள்.

4 ஆம் படியில் பெருகல் பிழையைத் திருத்தியிருந்தால் எண்கள் வேறுபடத்தான் செய்யும். எந்த ஆர்டரில், ஏன், எவ்வளவு என்பதை 10 எடுத்துக்காட்டுகளோடு எழுதி, அந்த ரிப்போர்ட்டைப் பயன்படுத்துபவரிடம் மாற்றத்துக்கு முன்பே ஒப்புதல் வாங்குங்கள்.

குறைந்தது ஒரு மாதக் கடைசியைத் தாண்டும்வரை இரண்டு டேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுங்கள். அந்தக் காலத்துக்கு இரட்டைச் செலவு ஆகும், அதைத் திட்டத்திலேயே சேருங்கள். மாற்றும் நாளில் ஸ்னோஃப்ளேக்கில் 'கிரியேட் ஆர் ரீப்ளேஸ்' போடுவதானால் 'காப்பி கிராண்ட்ஸ்' சேர்க்க மறக்காதீர்கள். இல்லையென்றால் முன்பு கொடுத்திருந்த உரிமைகள் எல்லாம் போய், காலையில் எல்லா டாஷ்போர்டும் பிழை காட்டும். பழைய டேபிளைப் பெயர் மாற்றி இரண்டு வாரம் வைத்திருங்கள். அதற்குள் குவெரி வரலாற்றில் அந்தப் பெயர் எங்கும் வரவில்லை என்று உறுதியானபின் நீக்குங்கள்.